மாடி அறை வழியாக ஒரு புகைக்குழாய்

நவம்பர் 3

என் அம்மாடிக்கு,

உன்னை இன்னும் இப்படிக் கூப்பிடலாமா என்று ரொம்ப நேரம் யோசித்தேன். மருமகளாக நீ இந்த வீட்டுக்குள் வந்த நாளிலிருந்து எனக்கு நீ அம்மாடிதான். விவாகரத்து உனக்கும் என் மகனுக்கும் நடந்தது. என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை. அதனால் பழையபடியே எழுதுகிறேன். பிடிக்காவிட்டால் சொல்லிவிடு.

நீ போய் ஒன்றரை வருஷத்தில் நீ ஒரு வாழ்த்து அட்டை அனுப்பினாய், நான் ஒன்று அனுப்பினேன். அதற்கு மேல் இரண்டு பேருக்கும் கை வரவில்லை. போனில் பேசலாம்தான், ஆனால் என் காது முன்னைவிட மோசம். யாராவது "சாப்பிட்டீங்களா" என்று கேட்டால் "ஆமாம், நேத்திலேர்ந்து மழை" என்கிறேன். எழுத்து என்றால் எனக்கு வசதி.

நான் எழுத வந்த விஷயம் கரி. சிரிக்காதே. இந்த வருஷம் குளிர் சீக்கிரமே வந்துவிட்டது. அவன் எங்கிருந்தோ ஒரு பழைய விறகுக் கணப்பு வாங்கி வந்தான். நாலு கால் வைத்த இரும்புப் பெட்டி, முன்பக்கம் கண்ணாடிக் கதவு. ஹாலில் வெளிச்சுவர் மூலையில் வைத்து, குழாயையும் அவனே மாட்டினான். ஆள் வைத்துச் செய்யலாமே என்று சொன்னால் அவனுக்கு முகம் எப்படிப் போகும் என்று உனக்குத் தெரியாதா. குழாய் சுவரைத் துளைத்துக்கொண்டு வெளியே போய், படுத்தவாக்கிலேயே ஒரு மூலை திரும்பி, கூரை விளிம்புக்குக் கீழே முடிகிறது. நன்றாகத்தான் எரிகிறது. காற்றடித்தால் மட்டும் புகை திரும்பி உள்ளே வருகிறது. குழாய்ச் சந்தில் கறுப்பாக ஏதோ சொட்டுகிறது. சுவரெல்லாம் கரி. ஈரத்துணி போட்டுத் தேய்த்தேன், ஒரு சாண் இருந்தது ஒரு முழமாகிவிட்டது.

புகைக்குழாய் பொருத்துவதே உன் தொழில். சுவரில் படிந்த கரியை எதால் எடுப்பது என்று ஒரு வரி எழுது, போதும்.

மற்றபடி நான் சௌக்கியம். முழு சௌக்கியம் என்று சொல்ல முடியாது. காலையில் எழுந்தால் தலை கல்லைக் கட்டின மாதிரி கனக்கிறது. வாசல் கதவைத் திறந்துகொண்டு கொஞ்ச நேரம் நின்றால் தெளிந்துவிடுகிறது. அவனுக்கும் அப்படித்தானாம், டிப்போவுக்குப் போய் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் சரியாகிவிடுகிறதாம். எனக்கு வயசு, அவனுக்குத் தூக்கமில்லை. இரண்டுக்கும் மருந்து கிடையாது.

நான் எழுதியது அவனுக்குத் தெரியாது.

அன்புடன்,
அத்தை

*

நவம்பர் 7

அன்புள்ள அத்தைக்கு,

இந்தக் கடிதம் வருவதற்குள் வீட்டில் என்ன நடந்திருக்கும் என்று உங்களுக்கே தெரியும். உங்கள் கடிதம் நேற்று மத்தியானம் கைக்கு வந்தது. தலை கனக்கிறது என்ற வரியைப் படித்ததும் உங்களுக்குப் போன் செய்தேன். "அடுப்பை அணைங்க அத்தை" என்று கத்தினேன். நீங்கள் "அடுத்த வாரமா, வாயேன்" என்றீர்கள். அப்புறம் வேறு வழியில்லாமல் அவருக்குப் போட்டேன். இந்த ஒன்றரை வருஷத்தில் முதல் தடவை.

"வீட்டுக் கணப்பை உடனே அணைக்கணும். ஜன்னலையெல்லாம் திறக்கணும். அத்தையை வெளியில உட்கார வைக்கணும்" என்றேன்.

"அம்மா எழுதினாங்களா?"

"ஆமா."

"சரி" என்று வைத்துவிட்டார். அந்த 'சரி'யை நம்பலாம் என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் சாயந்திரம் வரை கை வேலையில் ஓடவில்லை.

அத்தை, இது வயசும் இல்லை, தூக்கமும் இல்லை. விறகு சரியாக எரியாமல், புகையும் சரியாக வெளியேறாமல் இருந்தால் ஒரு விஷவாயு வீட்டுக்குள் தங்கும். அதற்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. முதலில் தலை கனக்கும். அப்புறம் தூக்கம் வரும். அந்தத் தூக்கத்திலிருந்து எழுந்திருக்காதவர்களின் வீட்டுக்கு நான் வேலையாகப் போயிருக்கிறேன். அதனால்தான் கத்தினேன்.

நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால், குழாய் சுவருக்கு வெளியே படுத்துக்கொண்டு போய், ஒரு மூலை திரும்பி, கூரை விளிம்புக்குக் கீழேயே முடிகிறது. புகைக்கு மேலே ஏறத்தான் தெரியும். படுக்க வைத்தால் ஆறிப்போய் நின்றுவிடும், காற்று தள்ளினால் வந்த வழியே திரும்பும். சொட்டுகிற கறுப்புத் தண்ணீர் அதே புகைதான், உள்ளே குளிர்ந்து தண்ணீராகிறது. குழாய்த் துண்டுகளையும் தலைகீழாகச் சொருகியிருக்கிறார், அதனால்தான் சந்தில் வெளியே வருகிறது. முதல் தடவை மாட்டுகிற எல்லோரும் செய்கிற தப்புதான். அவரைத் திட்டாதீர்கள்.

அந்த வாயு வந்தால் அலறுகிற ஒரு சின்னக் கருவியைப் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். உங்கள் அறையில் மாட்டச் சொல்லுங்கள். நல்ல குழாய் போடும்வரை ஒரு குச்சி விறகுகூட அதில் வைக்கக் கூடாது.

கரிக்கு ஈரத்துணி ஆகாது. காய்ந்த ஸ்பாஞ்சால் மேலிருந்து கீழே இழுங்கள்.

என்றும்,
உங்கள் அம்மாடி

*

நவம்பர் 14

என் அம்மாடிக்கு,

நீ போன் பண்ணின அன்று நான் கணப்புக்கு முன்னால் நாற்காலியில் உட்கார்ந்து கண்ணசந்திருந்தேன். கதவு தடாலென்று திறந்தது. பஸ்ஸை டிப்போவில் வேறொருவரிடம் விட்டுவிட்டு ஓடி வந்திருக்கிறான். என்னை அப்படியே நாற்காலியோடு தூக்கினான். எடையா குறைச்சல். வாசலில் வைத்து, தன் கோட்டைக் கழற்றி என் மேல் போட்டான். அப்புறம் தணலை வாளியில் அள்ளிக் கொண்டுபோய்க் கொல்லையில் கொட்டினான். எல்லா ஜன்னலையும் திறந்துவிட்டு என் பக்கத்தில் வந்து படியில் உட்கார்ந்தான். பல் கிட்டித்துப் போகிற குளிரில் இரண்டு பேரும் வீதியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். கடைக்குப் போகிறவர்கள் எல்லாம் சாவி தொலைந்துவிட்டதா என்று விசாரித்தார்கள்.

டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்தார். பயப்பட ஒன்றும் இல்லை, நல்ல வேளை என்றார். யாருடைய நல்ல வேளை என்று அவரிடம் சொல்லவில்லை. மனசுக்குள் உன்னைக் கும்பிட்டேன்.

கருவி வந்தது. அது கத்தினால் என் காதுக்குக் கேட்குமா என்று எனக்குச் சந்தேகம். அவன் பரிசோதிக்கிற பொத்தானை அமுக்கினான். கேட்டது. பக்கத்து வீட்டு நாய் இன்னும் எங்கள் பக்கம் வருவதில்லை.

மறுநாள் குழாயைக் கழற்றிப் போட்டான். போட்டுவிட்டு அதையே பார்த்துக்கொண்டு நின்றான். "உங்களைக் கொன்னிருப்பேன்மா" என்றான். "நீயும்தானே கூட இருந்தே" என்றேன். அது அவனுக்கு ஆறுதலாக இல்லை.

இரண்டு நாள் கழித்து, சாப்பிட்டுக்கொண்டே, தட்டைப் பார்த்துச் சொன்னான்: "வேற யாரையும் வெச்சுப் போட எனக்குத் தைரியம் இல்ல. அவளால வர முடியுமான்னு கேளுங்க."

அம்மாடி, அவன் வாயிலிருந்து இது வந்தது லேசில்லை. நீ வேலைக்குப் போன வீட்டுக் கூரையிலிருந்து சறுக்கி விழுந்து தோள் உடைந்து கிடந்தாயே, அன்றிலிருந்து அவன் அவனாக இல்லை. நீ வேலைக்குக் கிளம்பினால் இங்கே அவனுக்குச் சோறு இறங்காது. இந்த வேலையை விடு என்றான், நீ மாட்டேன் என்றாய். சத்தம் போட்டுச் சண்டை போட்டிருந்தால்கூட நான் நடுவில் புகுந்திருப்பேன். நீங்கள் இரண்டு பேரும் மெதுவாகவே பேசிப் பிரிந்தீர்கள். எனக்குத்தான் காது கேட்கவில்லையே.

வருவாயா?

அத்தை

*

நவம்பர் 20

அன்புள்ள அத்தைக்கு,

வருகிறேன். டிசம்பர் முதல் வாரத்தில் ஒரு நாள் ஒதுக்கிவிட்டேன். காலையில் வந்தால் இருட்டுவதற்குள் முடித்துவிடலாம்.

ஒரு விஷயம் கேட்க வேண்டும். குழாய் கணப்பிலிருந்து வளையாமல் நேரே மேலே போய், கூரை முகட்டைவிட உயரத்தில் முடிய வேண்டும். அப்போதுதான் காற்று எந்தப் பக்கம் அடித்தாலும் புகை திரும்பாது. அந்த மூலையிலிருந்து நேர் மேலே போனால் மாடி அறை. எங்கள் அறை என்று எழுதி அடித்துவிட்டேன், மாடி அறை. அதன் தரையையும் கூரையையும் வட்டமாக வெட்ட வேண்டும். அலமாரி இருந்த இடம். உங்களுக்கும் அவருக்கும் சம்மதமா என்று கேட்டுச் சொல்லுங்கள். வேண்டாம் என்றால் வெளிச்சுவரை ஒட்டி ஏற்றலாம். ஆனால் வெளியே குளிரில் நிற்கிற குழாய் அவ்வளவு நன்றாக இழுக்காது.

பயப்பட வேண்டாம். மேலே போவது இரட்டைச் சுவர்க் குழாய், இரண்டு சுவருக்கும் நடுவில் சூடு தாங்கும் பஞ்சு அடைத்தது. மரம் படுகிற இடத்தில் எல்லாம் கையளவு இடைவெளி விட்டுத் தகடு வைப்பேன். யாரும் தவறிக் கைவைக்காமல் இருக்க அறைக்குள் சுற்றிலும் கம்பி வலை வரும்.

என்னோடு கூரைக்காரர் ஒருவர் வருவார். ஓட்டைத் திறந்து, குழாயைச் சுற்றி ஈயத்தகடு போட்டு மழை இறங்காமல் மூடுவது அவர் வேலை. நல்ல வேலைக்காரர். டீக்குச் சர்க்கரை வேண்டாம்.

உங்கள் மகன் அன்றைக்கு வேலைக்குப் போய்விட்டால் நல்லது. நான் ஏறுவதை அவர் பார்க்க வேண்டாம்.

உங்கள் அம்மாடி

*

நவம்பர் 25

அம்மாடிக்கு,

வலை எந்த நிறம் என்று நீ எழுதவில்லை. எதுவானாலும் சரி.

மாடி அறையில் இப்போது பெட்டிகளும் என் பழைய தையல் மெஷினும்தான் இருக்கின்றன. நீ போனதிலிருந்து அவன் ஹால் சோபாவில்தான் படுக்கிறான், மேலே குளிர் என்பான். உன் கடிதத்தை அவனிடமே கொடுத்துவிட்டேன். படித்தான். மாடிக்குப் போனான். கொஞ்ச நேரத்தில் மேலே தடதடவென்று சத்தம், எனக்கே கேட்டது. போய்ப் பார்த்தால் அந்த அலமாரியைத் தனியாளாக எதிர்ச்சுவருக்குத் தள்ளிக்கொண்டிருந்தான். "இடம் போதுமான்னு கேட்டு எழுதுங்க" என்றான்.

சம்மதம் என்று அர்த்தம்.

அன்றைக்கு வேலைக்குப் போய்விடுவதாகவும் சொன்னான்.

அத்தை

*

டிசம்பர் 9

என் அம்மாடிக்கு,

ஐந்து நாளாகக் கணப்பு எரிகிறது. இந்த ஐந்து நாளும் காலையில் தலை பஞ்சு மாதிரி இருக்கிறது. விறகு பாதிதான் செலவாகிறது. கண்ணாடிக்குப் பின்னால் தீ நிமிர்ந்து நிற்கிறது, முன்னெல்லாம் குனிந்து குனிந்து எரியும். மாடி அறை வெதுவெதுவென்று இருக்கிறது, நான் துணியை அங்கேதான் உலர்த்துகிறேன்.

அன்று உன்னிடம் சரியாகவே பேசவில்லை என்று உனக்கு மனத்தாங்கல் இருக்கும். அதைத்தான் எழுத வேண்டும்.

உன் வேன் வந்து நின்றதும் எனக்குக் கால் தரையில் இல்லை. நீ கொஞ்சம் இளைத்திருக்கிறாய், ஆனால் முகத்தில் களை. அவன் வேலைக்குப் போகிறேன் என்று சொன்னவன் போகவில்லை. லீவு போட்டுவிட்டு, நீ வருகிற நேரம் பார்த்துக் கொல்லையில் விறகு அடுக்குகிற மாதிரி நின்றான். இரண்டு பேரும் "எப்படி இருக்கீங்க", "இருக்கேன்" என்று பேசிக்கொண்டதை நான் உதட்டைப் பார்த்தே படித்துவிட்டேன்.

நீ ஹால் உத்தரத்தில் வட்டம் போட்டு அறுத்தபோது தலையெல்லாம் சுண்ணாம்புத் தூள். அந்த ஓட்டை வழியாக மாடி அறை தெரிந்தது, அதற்கு மேலே கூரையில் இன்னொரு ஓட்டை, அதில் ஆகாசம். என் வீட்டுக்குள் நின்று நான் ஆகாசம் பார்த்தது அன்றைக்குத்தான். குழாய்களை அவன்தான் மாடிக்குச் சுமந்தான். சொல்லாமலே செய்தான். அப்புறம் நீ கூரைக்கு ஏணி வைத்தாய். அவன் உள்ளே போய், காலையிலேயே கழுவி வைத்த பாத்திரத்தை எல்லாம் எடுத்துத் திரும்பக் கழுவினான்.

கூரைக்காரர் ஏணியின் கீழ்ப்படியில் ஒரு காலை வைத்து அழுத்திக்கொண்டு, அண்ணாந்து பார்த்தபடி நின்றார். நீ ஏணியிலிருந்து கையை நீட்டும்போதெல்லாம் கேட்காமலே சாமான் வந்தது. நல்ல பழக்கமான ஆட்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

எல்லாம் மாட்டி முடிந்து ஒரு காகிதத்தைக் கொளுத்திக் கணப்புக்குள் காட்டினாயே. புகை ஒரு நொடி தயங்கிவிட்டு, சர்ரென்று மேலே போனது. நீ சிரித்தாய். கூரைக்காரர் உன் காதோரம் இருந்த கரியைக் கட்டைவிரலால் துடைத்துவிட்டார். துடைத்த பிறகுதான் உங்கள் இரண்டு பேருக்கும் நான் அங்கே டீத்தட்டோடு நிற்பது ஞாபகம் வந்தது.

நான் தட்டை வைத்துவிட்டு என் அறைக்குப் போய் எதையோ தேடினேன். எதைத் தேடினேன் என்று இன்னும் தெரியவில்லை. திரும்பி வந்தபோது நீங்கள் கிளம்பத் தயாராக இருந்தீர்கள். நான் பேசினதெல்லாம் "பார்த்துப் போங்க" ஒன்றுதான்.

கோபமா என்றால் இல்லை. உனக்கு என்ன வயசாகிவிட்டது, நீ தனியாகவே இருக்க வேண்டும் என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. ஆனால் வருத்தம் இருந்தது. நீ வருகிறாய் என்றதும் எனக்குள் ஒரு பைத்தியக்கார ஆசை. அலமாரியை அவன் தள்ளினதிலிருந்து அது வளர்ந்துவிட்டது. யாரிடமும் சொல்லவில்லை, உன்னிடம்தான் சொல்கிறேன். இப்போது இறங்கிவிட்டது.

நான் நினைத்தது சரிதானே? சரி என்றால் அவனிடம் யார் சொல்வது?

அத்தை

*

டிசம்பர் 16

அன்புள்ள அத்தைக்கு,

சரிதான்.

உங்கள் கடிதத்தை வேனில் உட்கார்ந்து படித்தேன். அப்புறம் ரொம்ப நேரம் வேனை எடுக்கவில்லை.

போன வருஷக் கடைசியிலிருந்து நாங்கள் சேர்ந்து வேலை செய்கிறோம். இந்தக் கோடையில்தான் அவர் கேட்டார். நான் உடனே பதில் சொல்லவில்லை, இரண்டு மாசம் இழுத்தேன். சொல்லியிருக்க வேண்டியது உங்களிடம்தான், எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. அந்தச் சமயம் பார்த்து நீங்கள் கரியைப் பற்றி எழுதினீர்கள், மற்றதெல்லாம் மறந்துபோயிற்று.

வேறு கூரைக்காரரை அழைத்து வந்திருக்கலாம். அவரே சொன்னார், "நான் வரலாமா, நல்லா இருக்காதே" என்று. ஆனால் உங்கள் கூரை ஒழுகக் கூடாது. அந்த வேலையில் நான் கண்ணை மூடிக்கொண்டு நம்புகிற கை அவருடையது. அந்த வீட்டை வேறு எவரிடமும் கொடுக்க மனசு வரவில்லை.

உங்கள் மகனிடம் நான் சொல்வதுதான் முறை. ஆனால் நான் போன் செய்தால் அவர் "சரி" என்று வைத்துவிடுவார். அதற்கப்புறம் அந்தச் 'சரி'யோடு அவர் தனியாக உட்கார்ந்திருப்பார். நீங்கள் பக்கத்தில் இருந்து சொன்னால் நல்லது. முடியாது என்றால் எழுதுங்கள், நானே நேரில் வந்து சொல்கிறேன்.

கல்யாணம் பிப்ரவரி பத்தாம் தேதி, பதிவாளர் ஆபீஸில். அப்புறம் மத்தியானச் சாப்பாடு, அவ்வளவுதான். அவர் பக்கம் சாட்சிக் கையெழுத்துப் போட அவருடைய அக்கா வருகிறார். என் பக்கத்துக்கு யார் என்று கேட்டார்கள். அம்மா நான் சின்னப் பிள்ளையாக இருக்கும்போதே போய்விட்டார்கள், அப்பாவும் இல்லை. கூட வேலை பார்க்கிற யாராவது போடுவார்கள் என்று சொல்லி வைத்தேன். சொல்லிவிட்டு வந்ததிலிருந்து எனக்கு உங்கள் முகம்தான் வருகிறது.

நீங்கள் வருவீர்களா, அத்தை? கேட்கக் கூடாத கேள்வி என்றால் இந்தப் பக்கத்தைக் கிழித்துக் கணப்பில் போட்டுவிடுங்கள். நான் தப்பாக நினைக்க மாட்டேன்.

உங்கள் அம்மாடி

*

ஜனவரி 18

என் அம்மாடிக்கு,

பதில் வரவில்லையே என்று தவித்திருப்பாய். வேண்டுமென்று இல்லை. எனக்கு அவகாசம் தேவைப்பட்டது, அவனுக்கும் தேவைப்பட்டது.

அவனிடம் சொல்ல நாலைந்து தடவை வாயெடுத்து, பேச்சை மாற்றிவிட்டேன். போன ஞாயிற்றுக்கிழமை காலையில் அவன் கணப்பிலிருந்து சாம்பல் அள்ளிக்கொண்டிருந்தான். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "அந்தக் கூரைக்காரர் இருக்காரே" என்று ஆரம்பித்தேன்.

"தெரியும்மா" என்றான்.

"என்ன தெரியும்?"

"சமையல்கட்டு ஜன்னல்லேர்ந்து ஏணி தெரியும்."

அவன் சாம்பல் வாளியை மூடி ஓரமாக வைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, எனக்குக் கேட்கிற மாதிரி முகத்தைத் திருப்பி வைத்துக்கொண்டு சொன்னான்: "அவ ஏறும்போதெல்லாம் நான் இறங்கி வா, இறங்கி வான்னுதான் சொன்னேன். கீழ நின்னு ஏணியப் பிடிச்சுக்கலாம்னு எனக்குத் தோணவே இல்லம்மா."

அவனைப் பிடித்து என் தோளில் சாய்த்துக்கொண்டேன். இவ்வளவு பெரிய ஆள், அப்படியே இருந்தான். அப்புறம் எழுந்து போய் விறகு எடுத்து வந்தான். அன்று சாயந்திரம் சோபாவிலிருந்த தலையணையையும் போர்வையையும் சுருட்டிக்கொண்டு மாடிக்குப் போனான். மேலேயே இப்போது கதகதப்பாக இருக்கிறது, இங்கே படுத்தால் முதுகு வலிக்கிறது என்றான். அங்கேதான் தூங்குகிறான். தூங்கவும் செய்கிறான், காலையில் நான்தான் போய் எழுப்ப வேண்டியிருக்கிறது.

உன் கடிதத்தின் கடைசிப் பக்கத்தை நான் கிழிக்கவில்லை. அதை அவனிடம் காட்டி, "என்ன பண்ணட்டும்" என்று கேட்டேன். இரண்டு நாள் கழித்துச் சொன்னான்: "போங்க. நானே கொண்டு போய் விடறேன்." வாசல் வரைக்கும் வந்து இறக்கிவிட்டு, சாயந்திரம் திரும்பி வந்து கூட்டிப்போவானாம். உள்ளே வருகிறாயா என்று நான் கேட்கவில்லை. அவனும் அதைப் பற்றிப் பேசவில்லை. நீயும் கேட்காதே.

ஆகவே வருகிறேன். என் பழைய கம்பளிக் கோட்டுக்கு இரண்டு பித்தான் மாற்றக் கொடுத்திருக்கிறேன். கையெழுத்துதான் நடுங்கும், அதற்கு அந்த ஆபீஸில் ஏதாவது சொல்வார்களா என்று விசாரித்து வை. அவர்கள் கேள்வி கேட்டால் நீ என் பக்கம் நின்று கொஞ்சம் உரக்கச் சொல்லு. இல்லாவிட்டால் கல்யாண ஆபீஸில் போய் மழையைப் பற்றிப் பேசிவிடுவேன்.

மாப்பிள்ளையின் அக்காவிடமும் சொல்லி வை, இந்தக் கல்யாணத்தில் முறுக்கிக்கொள்ளப் போவது நாங்கள்தான். சாப்பாட்டுக்கு எங்களை முதலில் உட்கார வைக்க வேண்டும், கறி ஆறியிருந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வோம், கவனிப்பு போதவில்லை என்று இரண்டு குறையாவது சொல்வோம். பெண் வீட்டுக்காரி நான் ஒருத்திதான் வருகிறேன். எல்லார் பங்குக்கும் நான்தானே செய்ய வேண்டும்.

பத்தாம் தேதி காலையில் வாசலில் நில்லு.

அன்புடன்,
அத்தை